மூடா ஆற்றுப் படுகையில் வறட்சிக்கால நீர்நிலை

(கெடா மாநிலத் தோட்ட மக்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தீபாவளி முடிந்து இன்னும் மழை ஓயவில்லை. ஓடைகள் கரை தொட்டு ஓடுகின்றன. லயத்துக் கூரைகளிலிருந்து நீர் வழிந்து வாய்க்கால் நிறைகின்றது. இத்தகைய நாளில் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேச ஒருவர் வந்து நிற்பதைக் கண்டு உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் இப்பேச்சுக்கு உரிய காலம் இதுவே. பிப்ரவரியில் வந்து பேசினால் கேட்பதற்குச் சுவையாக இருக்கலாம். செய்வதற்கு ஒன்றும் இராது.

வடமேற்கு மாநிலங்களில் வாழும் நாம் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிப்ரவரி மாதத்தில் நாம் குடிக்கும் தண்ணீர் பிப்ரவரியில் பெய்வதன்று. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெய்த மழையில், மலையும் மண்ணும் அணையும் பிடித்து வைத்துக்கொண்ட மிச்சமே அது. அந்த மிச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே தைப்பூசத்திற்குப் பிறகு வரும் வாரங்கள் எப்படியிருக்கும் என்பது அமைகின்றது.

மழையைப் பற்றி நமக்கும் நெல் விவசாயிக்கும் ஒரே எண்ணம் இருப்பதில்லை. இதனை வெளிப்படையாகவே சொல்லலாம். பால்மரம் வெட்டுபவருக்கு மழை நட்டமாகும். பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க இயலாது. வெட்டி முடித்த பின்னர் மழை வந்துவிட்டாலோ, மங்கில் இருக்கும் பால் நீரோடு நீராகிப் போய்விடும். ஆகவே மழை குறைந்த நாள்களை நம்மவர் வரவேற்பது இயல்பே. ஆனால் அந்த வறண்ட நாள்களின் நடுவிலேயே மரங்கள் இலையுதிர்க்கின்றன. புதிய தளிர் முற்றும்வரை பால் குறைகின்றது. பால் குறைந்தால் வருமானமும் குறைகின்றது. குழாயில் நீர் குறைவதும், ஓடை வற்றுவதும், கையில் காசு குறைவதும் ஏறத்தாழ ஒரே மாதங்களில் வந்து சேர்கின்றன. இந்த மூன்றும் கூடும் காலத்தில் தண்ணீருக்காகத் தனியே ஒரு செலவு ஏற்படுமானால் அது ஏழைக் குடும்பத்தையே முதலில் தாக்கும். நான் இன்று பேசுவது இதன் பொருட்டே.

இனி வானிலைக்கு வருவோம். நவம்பர் முதல் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களில் பெருமழையைக் கொட்டுகின்றது. தொலைக்காட்சியில் அங்கே வெள்ளம் என்று காட்டும் அதே நாள்களில் இங்கே வானம் தெளிந்து வெயில் காய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவிலே உள்ள மலைத்தொடர் அக்காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, மேற்குப் பக்கத்திற்கு வறண்ட காற்றையே அனுப்புவதனால் இவ்வாறு நிகழ்கின்றது. நமக்கு உரிய பெருமழை, ஒரு பருவக்காற்று ஓய்ந்து மறு பருவக்காற்று எழுவதற்கு இடைப்பட்ட காலத்தில், அக்டோபரை ஒட்டியே பெய்கின்றது. ஏப்ரல், மே மாதங்களில் மற்றொரு மழை உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே டிசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை உள்ள காலமே வறட்சிக் காலம். தீபகற்பத்தின் வேறெந்தப் பகுதியைக் காட்டிலும் கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் இவ்வறட்சி தெளிவாகத் தெரியும். நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையாகிய 40.1 பாகை செல்சியஸ், 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸில் உள்ள சூப்பிங்கில் பதிவானதாகும்.

இப்போது ஆற்றைப் பார்ப்போம். தாய்லாந்து எல்லையை ஒட்டிய ஊலு மூடாக் காடுகளில் தோன்றும் மூடா ஆறு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடிக் கடலைச் சேர்கின்றது. தன் கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக நிற்கின்றது. அதன் படுகை ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர். கெட்டில், செப்பிர், சீடிம் முதலிய கிளையாறுகள் வழியில் வந்து கூடுகின்றன. பாலிங், சீக், கோல கெட்டில், கூலிம் வட்டாரங்களில் உள்ள தோட்டங்களிலும், சுங்கை பட்டாணிக்குக் கிழக்கே உள்ள தோட்டங்களிலும் ஓடும் ஓடைகளில் பெரும்பாலானவை இக்கிளையாறுகளுக்கே போகின்றன. இந்த ஆற்றின் முகத்துவாரத்திற்கும் ஜெராய் மலைக்கும் இடையிலேதான் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த நாட்டின் பழஞ்சின்னங்கள் கிடைத்த இடம் அது. இந்த ஆறு நமக்குப் புதியதன்று என்பதற்காக இதனைச் சொன்னேன். மேற்கொண்டு வரலாற்றுக்குள் நான் போகப்போவதில்லை.

மூடா ஆற்றைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. மேல்பகுதியில் சேரும் நீரில் பெரும்பங்கு இந்த ஆற்றின் வழியே நம்மிடம் வருவதில்லை. 1966-ஆம் ஆண்டு தொடங்கி 1970-இல் நிறைவுற்ற மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின்படி, மூடா, பெடு என்னும் இரு அணைகள் கட்டப்பெற்றன. மூடா அணைக்கு மழை பிடிக்கும் நிலப்பரப்பு மிகுதி. கொள்ளளவோ 160 மில்லியன் கன மீட்டர் மட்டுமே. பெடு அணைக்கு மழை பிடிக்கும் பரப்புச் சிறிது; கொள்ளளவோ 1,000 மில்லியன் கன மீட்டருக்கும் மேல். ஆகவே மலையைக் குடைந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் அமைத்து, மூடாவில் பிடித்த நீரைப் பெடுவுக்குக் கொண்டுபோய்ச் சேமிக்கின்றனர். பால் வாளியில் எடுத்ததை உடனுக்குடன் பெரிய தொட்டியில் ஊற்றிவிட்டு மறுபடி வாளியை ஏந்துவதைப் போன்றது இது. பெடுவில் சேர்ந்த நீர் பாடாங் தெராப் ஆற்றின் வழியே இறங்கி, பெலுபாங் தடுப்பணையில் கால்வாய்களாகப் பிரிந்து, அலோர் ஸ்டாரைச் சூழ்ந்த ஏறத்தாழ 96,000 ஹெக்டர் வயல்களுக்குப் பாய்கின்றது. முன்பு ஒருபோகம் விளைந்த சமவெளியில் இருபோகம் விளைந்தது இதனாலேயே. நாம் உண்ணும் சோற்றில் ஒரு பகுதி இந்நீரில் விளைந்ததே என்பதனால் இதனைக் குறையாக எவரும் கருதவேண்டியதில்லை.

ஆனால் இதிலிருந்து அறியவேண்டியது ஒன்று உண்டு. பெடு நிறைந்திருக்கின்றது என்று நாளிதழில் வரும் செய்தியைப் படித்துவிட்டுக் கோல கெட்டிலில் இருப்பவர் கவலையற்றிருப்பது, அடுத்த வீட்டுக்காரருடைய வங்கிச் சேமிப்புப் புத்தகத்தைப் பார்த்து மகிழ்வதைப் போன்றதாகும். பெடுவின் நீர் நெல் வயலுக்குரியது. நம்முடைய பகுதிக்கு உதவுவது கிளையாறுகளின் நீரும், 2004-ஆம் ஆண்டு சீக் வட்டாரத்தில் கட்டி முடிக்கப்பெற்ற பெரிஸ் அணையும் ஆகும். பெரிஸின் கொள்ளளவு ஏறத்தாழ 120 மில்லியன் கன மீட்டர். மழைக்காலத்தில் நீரைத் தேக்கி வைத்து, மூடா ஆறு இளைக்கும் மாதங்களில் சிறிது சிறிதாகத் திறந்துவிடுவது அதன் பணி. அந்த நீரை எதிர்நோக்கி நிற்பவர் நாம் மட்டுமல்லர். பினாங்கு மாநிலத்தின் குடிநீரில் பத்தில் எட்டுப் பங்கு மூடா ஆற்றிலிருந்தே எடுக்கப்பெறுகின்றது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள தடுப்பணை கடல்நீர் உள்ளே ஏறாதவாறு காக்கின்றது என்றாலும், மேலிருந்து போதிய நீர் வராவிடில் தடுப்பணை மட்டும் என்ன செய்ய முடியும்? நீருக்குரிய கட்டணத்தைக் குறித்து இரு மாநிலங்களும் நெடுநாளாகப் பேசி வருகின்றன. அது அவர்கள் பேசித் தீர்க்கவேண்டியது.

வறட்சி எந்த அளவுக்குப் போகும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1978-ஆம் ஆண்டில் மழை பொய்த்துப் பெடுவில் நீர் இல்லாமற்போகவே, மூடாச் சமவெளியில் அவ்வாண்டின் கோடைப் போகம் முழுவதும் கைவிடப்பட்டது. அணை கட்டி எட்டே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. 1991-இல் மலாக்காவின் டுரியான் துங்கல் அணை வற்றி, அம்மாநில மக்கள் நீருக்காகப் பெரிதும் துன்புற்றனர். 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் நீர்ப்பங்கீடு நடைபெற்றது. 2016-இல் எல் நினோ என்னும் கடல் வெப்ப மாறுதலின் விளைவாக வட மாநில அணைகளில் நீர்மட்டம் பெரிதும் தாழ்ந்தது. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்திற்கு மேல் சூடேறும்போது நம் பக்கத்து மழைமேகங்கள் கிழக்கே விலகிப்போகின்றன. அதுவே எல் நினோ. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வரும். அது வரப்போவதை வானிலைத் துறையினர் சில மாதங்களுக்கு முன்னரே கணிக்க இயலும் என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

மழை மிகுதியாகப் பெய்தாலும் குழாயில் நீர் வராத நாள்கள் உண்டு. "வெள்ளமாகப் போகிறதே, குழாயில் ஏன் இல்லை?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. மலைச்சரிவில் மண் கரைந்து ஆற்றில் கலக்கும்போது, சுத்திகரிப்பு நிலையத்தால் அச்சேற்று நீரைத் தெளியவைக்க இயலாது போகின்றது. அப்போது இயந்திரங்களை நிறுத்திவிட்டு நீர் தெளியும்வரை காத்திருக்கவேண்டியுள்ளது. 2022-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பாலிங் வட்டாரத்துக் குப்பாங்கில் மலையிலிருந்து மரமும் கல்லும் சேறும் ஒன்றாக இறங்கி, மூன்று உயிர்களைக் கொண்டுபோனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெருமழையே காரணம் என்றனர் சிலர். மலையில் மரங்கள் வெட்டப்பட்டதும் காரணம் என்றனர் வேறு சிலர். எவ்வாறாயினும், காடு அடர்ந்த சரிவு மழைநீரை மெல்லப் பருகி மெல்ல விடுகின்றது என்பதிலும், வெறுமையான சரிவு ஒரே நாளில் அனைத்தையும் உருட்டி விட்டுவிட்டுப் பிப்ரவரிக்கு ஒன்றும் வைக்காது என்பதிலும் ஐயமில்லை. ஊலு மூடாவில் ஏறத்தாழ 160,000 ஹெக்டர் காடு உள்ளது. இப்படுகையின் மிகப் பெரிய நீர்த்தொட்டி அக்காடே என்று நான் கருதுகின்றேன். அணைகள் அதற்குப் பிறகே. தோட்டத்திற்குள்ளும் இவ்விதி மாறுவதில்லை. ஓடைக்கரையில் உள்ள புதரையும் மரத்தையும் விறகுக்காகவோ தோட்டப்பயிருக்காகவோ முற்றிலும் வெட்டிவிட்டால், அந்த ஓடை மற்ற ஓடைகளுக்கு முன்பே வற்றும்.

இனி நம் லயங்களுக்கு வருகின்றேன். பொதுக்குழாயிலிருந்து நீர் பெறும் தோட்டங்களும் உண்டு. ஓடையிலும் கிணற்றிலும் இறைத்துத் தோட்டத்துத் தொட்டியில் ஏற்றி விடும் தோட்டங்களும் இன்னும் உண்டு. நகரத்தில் நீரழுத்தம் சற்றே குறைந்தால், குழாயின் கடைசி முனையில் இருக்கும் தோட்டத்தில் நீர் அறவே நின்றுவிடும். மேட்டில் இருக்கும் வீட்டுக்கு அதற்கும் முன்னரே நின்றுவிடும். இது எவருடைய வஞ்சகமும் அன்று, நீரின் இயல்பு. ஆனால் அதனை முன்னறிந்து ஏற்பாடு செய்வது மனிதர் கடமை.

இங்கு ஒரு சட்டத்தை நினைவூட்டுகின்றேன். தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரத்தைக் குறிக்கும் 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர்க்குக் குழாய்நீரை இலவசமாகவும் போதிய அளவிலும் கிடைக்கச் செய்யும் பொறுப்பை முதலாளியின்மீது வைத்துள்ளது. வறட்சி வந்துவிட்டது என்பதனால் அப்பொறுப்பு நீங்கிவிடாது. லாரியில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தால், அதற்குத் தொழிலாளரிடம் குடத்திற்கு இவ்வளவு என்று காசு கேட்பது முறையன்று. அவ்வாறு நடந்தால் முதலில் தொழிற்சங்கத் தலைவர் மூலம் நிர்வாகியிடம் பேசுங்கள். தீராவிடில் தொழிலாளர் இலாகாவில் எழுத்து மூலம் முறையிடலாம். எந்த நாள் முதல் எந்த நாள் வரை நீர் இல்லை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். குறிப்பு உள்ள முறையீட்டுக்கு மதிப்பு மிகுதி.

மற்றொன்றும் பேசவேண்டும். நீர்ப்பங்கீடு வரும்போது, தண்ணீர் விடும் நேரத்தைத் தீர்மானிப்பவர் அலுவலகத்தில் இருப்பார். காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை என்று அவர் எழுதிவிடுவார். அந்நேரத்தில் நம் பெண்கள் வெட்டுக்காட்டில் நிரையில் நிற்பார்கள். வீட்டில் இருக்கும் பாட்டியோ எட்டு வயதுப் பேத்தியோ குடம் தூக்கவேண்டும். அல்லது பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நிற்கவேண்டும். இதனை மாற்றச் செலவு ஒன்றும் இல்லை. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பிற்பகல் வேளையில் நீர் விடவேண்டும் என்று இப்போதே பெரட்டில் சொல்லி வையுங்கள். நீர் விடும் நேரத்தை மலாயிலும் தமிழிலும் எழுதிப் பெரட்டுக்களத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அயல்நாட்டுத் தொழிலாளர் இருந்தால் அவர்கள் மொழியிலும் ஒட்டவேண்டும். அவர்களும் அதே குழாயில் குடிப்பவர்களே.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில. ஒழுகும் குழாயைச் சிறு செய்தி என்று எண்ணாதீர்கள். கால் லிட்டர் கொள்ளும் மங்கு ஒன்று ஒழுகும் குழாயடியில் பத்து நிமிடத்தில் நிறையுமானால், ஒரு நாளில் 36 லிட்டர் வீணாகின்றது. ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்குக் குடிக்கவும் சமைக்கவும் அதற்குமேல் வேண்டியதில்லை. வாஷர் ஒன்றின் விலை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். அடுத்தது மழைநீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். ஐம்பது சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். வழிந்தும் சிதறியும் போவதை நீக்கினாலும் 800 லிட்டர் மிஞ்சும். தகரப் பீலி ஒன்றும் மூடியுள்ள தொட்டி ஒன்றும் போதும். முதல் பத்து நிமிட மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். கூரையின் தூசும் பறவை எச்சமும் அதனோடு போகட்டும். இந்நீர் துணி துவைக்கவும், கழுவவும், கழிப்பறைக்கும் பயன்படும். குழாய்நீர் சமையலுக்கு மிஞ்சும்.

நீரைச் சேமிப்பவர் கொசுவையும் சேமித்துவிடுவதுண்டு. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்த நீரையே நாடுகின்றது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே பீப்பாயை இறுக மூடி, வாரம் ஒருமுறை நீரை வேறு பாத்திரத்திற்கு மாற்றி, உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும். தேய்க்காமல் வெறுமனே கொட்டிவிட்டால் சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதம் உலர்ந்தே கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிந்துவிடும். வெட்டு நின்றுபோன மரங்களில் உள்ள மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். இலையுதிர் காலத்து முதல் மழைக்குப் பிறகு அவற்றில் தேங்கும் நீரே போதும், ஒரு லயம் முழுவதையும் படுக்கையில் தள்ள.

ஓடைநீரைக் குடிக்க நேர்ந்தால் தெளியவைத்து, நன்றாகக் கொதிக்கவைத்து அருந்துங்கள். வற்றிய ஓடையில் எலிச் சிறுநீரும் கால்நடைக் கழிவும் அடர்ந்திருக்கும். இங்கு ஓர் எச்சரிக்கை: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், களைக்கொல்லி மருந்து சாகாது. மருந்து தெளிக்கும் காட்டுக்குக் கீழே உள்ள ஓடைநீரையும், மருந்துத் தோம்பு கழுவிய இடத்து நீரையும் எவ்வகையிலும் குடிக்கவேண்டா. மருந்துத் தோம்பில் குடிநீர் பிடிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

வரும் மாதங்கள் எப்படியிருக்கும் என்று கேட்பீர்கள். சோதிடம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நீங்களே கணித்துக்கொள்ளும் வழி உண்டு. தோட்டத்து ஓடையில் ஆழமான ஓரிடத்தில் கம்பு ஒன்றை நட்டு, அடிக்கு அடி வண்ணக்கோடு இடுங்கள். டிசம்பர் முதல் நாள் தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும் நீர்மட்டத்தைக் குறித்து வாருங்கள். டிசம்பர் முழுவதும் மட்டம் மெல்ல மெல்ல இறங்கினால் அது வழக்கமான வறட்சி. பொங்கலுக்குப் பிறகு சிக்கனம் போதும். கிறிஸ்துமஸ் வருவதற்கு முன்பே மட்டம் பாதியாகிவிட்டால், ஜனவரி முதல் வாரத்திலேயே நிர்வாகியைச் சந்தித்து லாரித் தண்ணீருக்கும் கூடுதல் தொட்டிக்கும் ஏற்பாடு கேட்கவேண்டும். வானிலைத் துறை எல் நினோ உண்டு என்று அறிவித்திருக்கும் ஆண்டில், சித்திரை மழை பிந்தி வரக்கூடும் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வாண்டில் ஏப்ரல் இறுதிவரைக்கும் சேர்த்துத் திட்டமிடவேண்டும். பெரிஸ் அணையின் நீர்மட்டம் வறட்சிக் காலத்தில் நாளிதழிலும் வானொலியிலும் வெளிவருவதுண்டு. பெடுவின் மட்டத்தைக் காட்டிலும் அதனையே கவனியுங்கள்.

கம்பு நடும் வேலையைத் தோட்டத்து இளைஞர் எவரேனும் ஏற்கலாம். குறிப்பேட்டைக் கிராணியிடமோ தோட்டப் பள்ளியின் ஆசிரியரிடமோ வைத்திருங்கள். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் இரண்டு ஆண்டுகளின் எண்கள் அருகருகே இருக்கும்.